பிறகு நினைவூட்டு

காலை ஆறு பத்துக்கு அலாரம் அடிக்கும். ஆறு பதினொன்றுக்கு அதை அணைப்பான். பல் தேய்ப்பான். கெட்டிலில் இரண்டு கோப்பை அளவுக்குத் தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போடுவான். ஒன்று அவனுக்கு, ஒன்று மாமியாருக்கு. தண்ணீர் கொதிப்பதற்குள் முன்னறைக்குப் போய் மவுஸை அசைத்துத் திரையை எழுப்புவான். கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும். திரையின் வலது மூலையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். பாதுகாப்பு அப்டேட்கள் தயாராக இருக்கின்றன, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும். கீழே இரண்டு பொத்தான்கள். ‘இப்போதே’. ‘பிறகு நினைவூட்டு’. இரண்டாவதை அழுத்துவான். அதற்கு மேலே இன்னொரு பெட்டி முளைக்கும். வைரஸ் தடுப்பின் சந்தா முடிந்து இருநூற்றுப் பத்து நாளாகிறது என்று அது சொல்லும். அதன் மூலையிலிருக்கும் பெருக்கல் குறியை அழுத்துவான். கெட்டில் டக்கென்று அணையும். கோப்பைகளை எடுக்கப் போவான்.

ஏழு மாதமாக இதுதான். நாள் எண்ணிக்கை மட்டும் ஒன்று ஒன்றாகக் கூடும்.

சாதாரணமாக இப்படிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே போனால் ஒருநாள் கணினி தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடும். அந்த வசதியை அவன் நிறுத்தி வைத்திருந்தான். எப்படி நிறுத்துவது என்பது அவனுக்குத் தெரியும். அது அவன் தொழில். ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் நூற்றுப்பத்துக் கணினிகளுக்கு அவன்தான் பொறுப்பு. அங்கே ஒரு அப்டேட்டை ஒருநாள் தள்ளிப்போட்டவனையும் அவன் சும்மா விட்டதில்லை. பென் டிரைவ் சொருகும் ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டான். பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டியிருந்தால் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டுப் போவான். ஆபீசில் அவனுக்கு ‘பூட்டு’ என்று பேர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

அந்தப் பூட்டின் வீட்டுக் கணினிதான் ஏழு மாதமாகத் திறந்த வீடாகக் கிடந்தது.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. அவன் மனைவி கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் அவனும் கேலியாக டீச்சர் என்று கூப்பிடப்போய், வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. உடம்புக்கு வந்து லீவில் இருந்தபோது, வகுப்புப் பிள்ளைகளுக்காக இந்தக் கணினியில் பாடம் பேசிப் பதிவு செய்தாள். பின்னங்கள், தசமங்கள், சதவீதம். மொத்தம் நாற்பத்திரண்டு பாடம் திட்டம். நாற்பத்தொன்று முடிந்திருந்தது. “முழுசா முடிச்சிட்டுத்தான் ஸ்கூலுக்கு அனுப்புவேன். அரையும் குறையுமா அனுப்பினா நான் என்ன டீச்சர்?” என்பாள். ஒரு புதன்கிழமை நாற்பத்திரண்டாவதைப் பேசிக்கொண்டிருந்தவள், பதினோராவது நிமிடத்தில் நிறுத்தினாள். முதுகு வலிக்கிறது, கொஞ்சம் படுத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி. பத்தொன்பது நாள். அவ்வளவுதான்.

அவள் எழுந்து போனபடியே கணினி இருந்தது. பதிவு செய்யும் ஜன்னல் திறந்து, பதினோரு நிமிடம் நாற்பது நொடியில் நின்றிருந்தது. சேமிக்கவில்லை என்பதற்கு அடையாளமாகப் பேருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். பின்னால் பிரவுசரில் அவள் திறந்துவைத்த பதினேழு டேப்கள். பேக்கப் எடுக்கிற கறுப்பு ஹார்ட் டிஸ்க், அன்று காலை அவள் சொருகியபடி பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. பேக்கப் முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வை என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவன் அதைக் கழற்றவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தப் பதினோரு நிமிடம் சேமிப்பாகிவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும். அழுத்தவில்லை. அழுத்தினால் நட்சத்திரம் போய்விடும். கரண்ட் போனாலும் அணையாமலிருக்க ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்தான்.

அவள் குரல் வேறெங்கும் இல்லை. கல்யாண வீடியோவில் குரலை எல்லாம் அழித்துவிட்டு வாத்திய இசையைப் போட்டிருந்தான் வீடியோக்காரன். போனில் அவள் எப்போதும் தட்டச்சுதான் செய்வாள். பேசி அனுப்புவது சோம்பேறிகள் வேலை என்பது அவள் கட்சி.

மகளைப் பார்த்துக்கொள்ள வந்த மாமியார், மகள் போனபிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். மருமகன் வேலைக்குப் போனதும் வீட்டைக் கூட்டுவாள், துணி மடிப்பாள், ஒரு மணிக்குச் சாப்பிடுவாள். ஒன்றரைக்குக் கணினி முன் உட்கார்ந்து ஒரு பாடம் கேட்பாள். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாற்பத்தொரு பாடத்தையும் நான்கு சுற்றுக் கேட்டு முடித்து, ஐந்தாவது சுற்றில் இருந்தாள்.

அவளுக்கு அவன் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு முறை, இரண்டே நிமிடம்.

“இந்த மஞ்சப் பெட்டியை ரெண்டு தட்டு தட்டுங்க. உள்ள வரிசையா இருக்கும். எது வேணுமோ அதை ரெண்டு தட்டு. வேற எதையும் தொடாதீங்க, அத்தை. மெஷினை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் அணைக்காதீங்க.”

“தீப்பிடிச்சாக்கூடவா, மாப்பிள்ளை?”

“அணைக்காதீங்க.”

சிரிக்கவைக்கத்தான் கேட்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இரவுச் சாப்பாட்டின்போது சில நாள் பேச்சுக்கொடுத்துப் பார்ப்பாள். “மாப்பிள்ளை, முக்கால்ல பாதி எவ்வளவு, டக்குனு சொல்லுங்க பார்ப்போம்.” அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். “எட்டுல மூணு. இந்த வயசுல எனக்குக் கணக்கு வருது பாருங்க. அவ சொல்ற விதம் அப்படி. நடுவுல ஒரு இடத்துல தும்முவா. தும்மிட்டு, ‘மன்னிச்சிடுங்க புள்ளைங்களா, இது பாடத்துல கிடையாது’ன்னுவா.” அவன் கை கழுவ எழுந்துகொள்வான்.

ஒருநாள் கேட்டாள். “அந்த நாப்பத்திரண்டாவது ஒண்ணு நிக்குதே. அதையும் போடச் சொல்லிக் குடுங்களேன்.”

“அது முடியலை.”

“முடிஞ்ச வரைக்கும் கேட்டா போதும்.”

“அதைத் தொடாதீங்கன்னு சொல்லியிருக்கேன்ல.”

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. ஆனால் தினமும் இரண்டு மணிவாக்கில் போன் செய்வாள். சத்தம் வரலை, படம் சின்னதாயிடுச்சு, இல்லாவிட்டால் சாப்பிட்டீங்களா. முதல் மாதம் எடுத்தான். அப்புறம் எடுப்பதில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஸ்பீக்கர் சத்தம் குறைந்திருக்கும். அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை ஆபீசில் அவன் பட்டியல் ஒட்டும் நாள். மாதம் ஒருமுறை எல்லோருக்கும் ஒரு பொய் மின்னஞ்சல் அனுப்புவான். உங்கள் பார்சல் வாசலில் காத்திருக்கிறது, விவரத்துக்கு இங்கே அழுத்தவும் என்கிற மாதிரி. அழுத்தினவர்கள் பேரை, குடிதண்ணீர் மெஷினுக்கு மேலே ஒட்டுவான். தண்ணீர் குடிக்க எல்லோரும் வந்துதானே ஆகவேண்டும். டீச்சர் போன புதிதில், முதல் மூன்று மாதம் அவனைப் பாவம் என்றார்கள். நாலாவது மாதத்திலிருந்து படுபாவி என்றார்கள்.

பட்டியலை ஒட்டி முடிப்பதற்குள் ரிசப்ஷன் அக்கா வந்து நின்றாள். ரிட்டயராக எட்டு மாதம் இருந்தது அவளுக்கு.

“ஏன்பா பூட்டு, எனக்கு நிஜமாவே ஒரு பார்சல் வரவேண்டியது இருந்துச்சு. மருமகளுக்கு ஸ்வெட்டர் சொல்லியிருந்தேன்.”

“வரவேண்டியது இருக்கிறவங்கதான் அழுத்துவாங்க. அதுக்காகத்தான் அப்படி எழுதுறாங்க.”

“மூணாவது மாசமா என் பேரு தொங்குது. வர்றவன் போறவனெல்லாம் பல்லைக் காட்டுறான். தனியா கூப்பிட்டுச் சொன்னா ஆகாதா?”

“தனியாச் சொன்னா மறந்துடுவீங்க.”

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த டிஸ்பாட்ச்காரர் திரும்பினார். “விடுங்கக்கா. மத்த பூட்டுக்காவது சாவி போடத் துவாரம் இருக்கும். இதுல அதையும் அடைச்சு வெச்சிருக்காரு.”

ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். அத்தை. இரண்டு ஐந்து. கட் செய்தான்.

“சரிப்பா. இனிமே சந்தேகமா இருந்தா என்ன பண்ணணும், அதையாவது சொல்லு,” என்றாள் அக்கா.

“எதையும் அழுத்தக்கூடாது. எந்த நம்பருக்கும் கூப்பிடக்கூடாது.” போன் மறுபடி அதிர்ந்தது. இரண்டு ஒன்பது. கட் செய்தான். “முதல்ல என்னைக் கூப்பிடணும். எந்த நேரமா இருந்தாலும் சரி.”

இரண்டு பதினாறுக்கு மூன்றாவது முறை வந்தது. அப்போது அவன் தன் அறையில் தனியாகத்தான் இருந்தான். வேலையும் இல்லை. கட் செய்துவிட்டுப் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

சாயங்காலம் ஆறரைக்குக் கதவைத் திறந்தபோது மாமியார் கணினிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை. திரை கறுப்பு. அதில் வெள்ளை எழுத்து, பத்துப் பதினைந்து வரி. எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், திறக்கப் பணம் கொடு என்கிற மிரட்டல் என்று அதை வாசிக்காமலே அவனுக்கு விளங்கிவிட்டது. ஆபீசில் எல்லோருக்கும் காட்டிப் பயமுறுத்த அதே மாதிரி ஒரு படம் வைத்திருந்தான்.

“மாப்பிள்ளை, வந்துட்டீங்களா. அந்தத் தம்பி அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்னான். ரெண்டு மணி நேரமா இப்படியே நிக்குது. நான் எதையும் தொடலை.”

“எந்தத் தம்பி?”

அவள் ஒன்று விடாமல் சொன்னாள். பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று திரை சிவப்பானது. பின்னால் கிடந்த பதினேழு டேப்பில் ஏதோ ஒன்றில் ஒரு விளம்பரம் மாறி, அது திரை முழுவதும் விரிந்திருக்க வேண்டும் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டான். சங்கு ஊதுகிற மாதிரி சத்தம். ஒரு பொம்பளைக் குரல்.

“‘இதுல இருக்கிறதெல்லாம் அழியப்போகுது, மெஷினை அணைக்காதீங்க, உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க’ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு உசிரே போயிடுச்சு. ஒயரைப் புடுங்கிடலாமான்னு கையைக் கொண்டு போனேன். அப்புறம், அணைக்கக்கூடாதுன்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு.”

ஒயரைப் பிடுங்கியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

“அந்த நம்பருக்குப் போட்டேன். சின்னப் பையன் குரல்தான். ‘பதறாதீங்கம்மா, நான் இருக்கேன்’ன்னான். என்னமோ அழுத்தச் சொன்னான். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாதுப்பான்னேன். ‘பரவாயில்லம்மா, ஏணி மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்க. அதுக்கடுத்து, வட்டமா ஒண்ணு’ன்னு ஒவ்வொண்ணா அடையாளம் சொன்னான். முக்கால் மணி நேரம். ஒரு தடவைகூட சலிச்சுக்கலை, மாப்பிள்ளை.”

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவன் மேல் அது குத்திக்கொண்டு நின்றது.

“அப்புறம் அம்பு தானா ஓட ஆரம்பிச்சுது. அவன்தான் அங்கேயிருந்து ஓட்டுறானாம். பேங்க் விவரம் கேட்டான். எனக்கேதுப்பா பேங்க், எல்லாம் மகன் பார்த்துக்கிறான்னேன். கார்டு இருக்கான்னான். இல்லைன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் போயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம், ‘சரிம்மா, இந்த மெஷின்ல உங்களுக்கு எது ரொம்ப முக்கியம்?’னு கேட்டான்.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன். மஞ்சப் பெட்டி ஒண்ணு இருக்கு, அதுல செத்துப்போன என் பொண்ணோட குரல் இருக்கு, மத்தது போனாலும் போகுது, அதை மட்டும் பத்திரமாப் பார்த்துக்கப்பான்னேன். ‘பார்த்துக்கிறேம்மா’ன்னான். நல்ல பையன். அவங்கம்மாவுக்கும் முதுகுவலியாம்.”

அவன் அவளை எழச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். இன்னொரு வழியாக மெஷினைத் திறந்து பார்க்க முக்கால் மணி நேரமானது. மஞ்சள் பெட்டி இருந்தது. உள்ளே நாற்பத்தொரு பேர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரே மாதிரி கிறுக்கல் எழுத்துகள். எதுவும் திறக்கவில்லை. மற்ற ஃபோல்டர்களில் பாதிக்கு மேல் கை வைக்காமலே விட்டிருந்தான் அந்தத் தம்பி. அவள் விரல் நீட்டிக் காட்டியதைத்தான் முதலில் பூட்டியிருந்தான். டிஸ்க் சொருகியே இருந்ததால் அதிலும் அதே நாற்பத்தொரு வால்கள். வேலை முடிந்ததும் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போயிருந்தான். ஏழு மாதம் பொத்திப் பொத்தி வைத்தது ஒரு தட்டில் முடிந்தது. பதினோரு நிமிடம் நாற்பது நொடி எங்குமே இல்லை. பேருக்குப் பக்கத்து நட்சத்திரம் மட்டுமல்ல, பேரே இல்லை.

திரையில் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதிப் பார்த்தான். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது. அவர்களும் வெள்ளிக்கிழமையோடு கடையைக் கட்டிவிட்டார்கள் போலும்.

தள்ளிவைத்த அப்டேட்களை ஒன்றொன்றாகப் படித்துப் பார்த்தான். திரையைக் கவ்வும் விளம்பரங்களைத் தடுக்கும் திருத்தம், ஐந்து மாதம் முன்பு வந்ததில் இருந்தது. ஒரு ரீஸ்டார்ட் போதும். சந்தா இருந்திருந்தால் அந்தச் சிவப்புப் பக்கமே திறந்திருக்காது. டிஸ்க் அலமாரியில் இருந்திருந்தால் யார் வந்து என்ன செய்தாலும் அரை மணி நேர வேலை. இது ஆபீசில் நடந்திருந்தால் ஒரு படிவம் நிரப்பவேண்டும். அதில் காரணம் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் அவன் எப்போதும் எழுதுவது ஒரே பதில்தான்: பயன்படுத்தியவரின் தவறு.

“வந்துடும்ல?” மாமியார் பின்னால் நின்றுகொண்டேதான் இருந்தாள். “அந்தக் கறுப்புப் பெட்டியில இன்னொண்ணு இருக்குன்னு அவ சொல்லியிருக்கா.”

“அதுலயும் போச்சு.”

“அது எப்படி? அது வேறதானே?”

“நீங்க அவனை உள்ளே விட்டீங்க, அத்தை. உள்ளே வந்தவன் எல்லா அறைக்கும்தான் போவான்.”

சொன்னது பொய்யில்லை. அந்த அறைக்கதவைத் திறந்து வைத்திருந்தது யார் என்பதைச் சொல்லவில்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். “அந்தத் தும்மல்கூட இல்லையா?” என்றாள். அவன் இல்லை என்றான்.

சனிக்கிழமை அவள் சாப்பிடவில்லை. ஒன்றரை மணிக்கு, பழக்கதோஷத்தில், நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அணைந்த திரைக்கு முன்னால் ஒரு பாடம் முடிகிற நேரம் வரை இருந்துவிட்டு எழுந்தாள். அவன் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மட்டும் நாலைந்து தடவை அவளிடம் கேட்கத் தோன்றியது, எதற்காகப் பேசாமல் இருக்கிறீர்கள் என்று. தனக்கே அது அபத்தமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனன் வந்தான். டீச்சருக்கு அடுத்துப் பிறந்தவன். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தான். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த காரிலேயே வருவான், போவான். யாரோடு பேசினாலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வண்டி கற்றுக்கொடுக்கிற தோரணையிலேயே பேசுவான். விஷயம் அவனுக்குப் போனிலேயே தெரியும். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

“ஏம்மா, உனக்குக் கொஞ்சமாவது இருக்கா? முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் போன் பண்ணி...”

“அவன் பண்ணலைடா. நான்தான் பண்ணேன்.”

“அது இன்னும் அழகு! திருடனுக்குப் போன் போட்டு, வாப்பா, இங்கேதான் இருக்கு, எடுத்துக்கோன்னு வழி சொல்லியிருக்கே. உலகத்துல எவளாவது செய்வாளா?”

“நல்லாப் பேசினான்டா.”

“நல்லாத்தான் பேசுவான். அதுக்குத்தான் அவனுக்குச் சம்பளம்.” வேகமாய்ப் போய்த் திரையைத் தட்டிப் பார்த்தான். பிறகு திரும்பினான். “மாமாவுக்கு ஒரு போன் போட்டா விரல் தேஞ்சா போயிடும்? ராத்திரி பகலா இதே வேலையா இருக்கிற மனுஷன். ஒரே ஒரு போன். ‘மாப்பிள்ளை, சிவப்பா என்னமோ வருது’ன்னு. அவர் வேணாம்னா சொல்லியிருப்பாரு?”

மாமியார் மருமகனைப் பார்த்தாள்.

அவன் கெட்டிலைப் பார்த்தான். அவள் போனை எடுத்து நீட்டினால் போதும். மூன்று அழைப்பு, நேரத்தோடு இருக்கும். இப்போது எடுப்பாள் என்று நினைத்தான். எடுத்தால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தான். அவள் போன் பக்கத்து மேஜையில், கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

“போட்டிருக்கணும்,” என்றாள் மகனிடம். “அந்த நேரத்துல தோணலை.”

“தோணலையாம்! ஒரு தடவை செத்தது பத்தாதுன்னு அக்காவை நீ இன்னொரு தடவை கொன்னிருக்கே. இதோட எல்லாம் முடிஞ்சுது. கேட்டுக்கிட்டியா? இனிமே கேட்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது.”

அவள் அழுவாள் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். அழவில்லை. குனிந்து தன் கையைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், நீட்டினாள்.

அவன் வாய்க்குள் வாக்கியம் தயாராக இருந்தது. மூணு தடவை போட்டாங்க, நான்தான் எடுக்கலை. டிஸ்கைக் கழற்றாததும் நான்தான். இரண்டே வரி. தொண்டைவரைக்கும் வந்தது. அதற்குள் மைத்துனன் அவன் தோளில் கைபோட்டான்.

“நீங்க ஒரு வார்த்தை திட்டலை பாருங்க, மாமா. நானா இருந்தா வீட்டையே ரெண்டாக்கியிருப்பேன். உங்க பொறுமை யாருக்கு வரும்?”

“நடந்தது நடந்துபோச்சு,” என்றான் அவன்.

அந்தப் பெருந்தன்மை அவன் வாயிலிருந்து எவ்வளவு சரளமாக வந்தது என்று அவனுக்கே ஆச்சரியமாயிருந்தது.

“இனிமே இங்க வேணாம். உங்களுக்கும் தொல்லை. கூட்டிட்டுப் போறேன்,” என்றான் மைத்துனன். அவன் மறுக்கவில்லை. மாமியாரும் மறுக்கவில்லை. ஒரு பை, அதற்குள் ஏழு மாதம். கால் மணி நேரத்தில் கட்டி முடித்தாள். துவைத்துக் காய்ந்திருந்த அவன் சட்டைகளை மடித்து அலமாரியில் வைத்தாள். கெட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மைத்துனன் பையை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினான். கீழே கார்க் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவன் மாமியாரைப் படிக்கட்டு வரை கொண்டுவிட்டான். அவள் முதல் படியில் காலை வைத்தவள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாப்பிள்ளை. அவ போன அன்னைக்குக் காலையில, ஆஸ்பத்திரியில, நான் கீழே கேன்டீனுக்குப் போயிட்டு வந்தேன். வாசல்லயே நிறுத்தி, ‘அவ தூங்குறா’ன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“தூங்குற புள்ளையை எழுப்பக்கூடாதுன்னு வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம். நர்சு டொக்கு டொக்குனு நடந்தா, மெல்லப் போம்மான்னு சொல்லிக்கிட்டு. அப்புறம் டாக்டருங்க ஓடினாங்க.” மூச்சு வாங்கினாள். “நான் எதையும் குத்தமாக் கேக்கலை. நான் வர்றதுக்கு முன்னாடி அவ உங்ககிட்ட கடைசியா ஏதாவது பேசியிருப்பா. இத்தனை நாள் கேக்கலை. குரல் இருக்கேன்னு இருந்துட்டேன். குரலை நான் தொலைச்சிட்டேன். அந்த வார்த்தையையாவது குடுங்க.”

கீழே ஹாரன் ஒருமுறை அடித்தது.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அம்மாவைப் பார்த்துக்கோன்னு சொன்னா என்றால் போதும். அதை வைத்துக்கொண்டு அவள் மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவாள். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. கையிலிருந்து ஒன்றும் போகாது.

உண்மை என்று பார்த்தாலும் அவனிடம் இரண்டு இருந்தன. ஒன்றைச் சொன்னால், குரலைத் தொலைத்தது அவளில்லை என்றாகும். அது அவன் பக்கம் திரும்பும். அதைச் சொல்ல அவனுக்குத் தைரியமில்லை. அதைச் சொல்லாமல் வெறுங்கையோடு அவளை அனுப்பவும் முடியவில்லை. அவள் கேட்டதும் அதை அல்ல. கேட்டதைக் கொடுத்தான். ஒரு எழுத்துக் கூட்டாமல், குறைக்காமல், ஆபீசில் படிவம் வாசிக்கிற குரலில் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க வராந்தாவுல வர்ற சத்தம் கேட்டுச்சு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. ‘அம்மா வர்றாங்க போல’ன்னா. ‘நான் தூங்குறேன்னு சொல்லிடு.’”